இல்லாத மலையை வரைவது எப்படி? கற்பனை மலைநாட்டுக்கு நிலமும் வளமும் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கதை எழுதுகிறவர்கள், படக்கதை வரைகிறவர்கள், குழந்தைகளுக்கு விளையாட்டு உருவாக்குகிறவர்கள் எனப் பலரும் என்றாவது ஒருநாள் ஒரு மலைநாட்டைக் கற்பனை செய்யத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் பெயரில் தொடங்குகிறார்கள். அடுத்து கோட்டை, அரசன், புதையல். மலை மட்டும் நாடக மேடையின் திரைச்சீலையைப் போலப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் மலைக்கதையில் ஓர் ஊரை முகட்டின் மேலேயே வைத்தேன். வீட்டு வாசலில் நின்றால் இரண்டு பக்கமும் சமவெளி தெரிய வேண்டும் என்பது என் ஆசை. கையெழுத்துப் படியைப் படித்த கோத்தகிரித் தோழி ஒருவர் பாத்திரங்களைப் பற்றியோ நடையைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "இந்த ஊர்ப் பெண்கள் தண்ணீருக்கு எங்கே போகிறார்கள் அண்ணா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மலையில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் முகட்டுக்குச் சற்றுக் கீழே, ஊற்று கசியும் மடிப்பில், காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் ஊரை அமைக்கிறார்கள். அந்த ஒரு கேள்வியால் கதை முழுவதையும் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. கீழே சொல்லும் வரிசை அதன்பிறகு நான் கற்றுக்கொண்டது.

வரிசை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பழைய திணை இலக்கணம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பிரித்தது. நிலமும் பொழுதும் முதலில். அந்த நிலத்தில் பிறக்கும் உணவு, மரம், விலங்கு, பறவை, தொழில், பறை, யாழ், தெய்வம் அடுத்து. மனிதரின் காதலும் பிரிவும் கடைசியில். குறிஞ்சிக்குத் தினையும் மலைநெல்லும் உணவு, வேங்கை மரம், மயிலும் கிளியும் பறவை, தேனெடுப்பதும் கிழங்கு அகழ்வதும் தொழில் என்று ஒன்றோடொன்று பொருந்தவே அடுக்கினார்கள். கற்பனை உலகம் அமைக்க இதைவிடத் தெளிவான பட்டியலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் நடக்கிறது.

விளக்குவதற்காக ஒரு மலையை நாமே உருவாக்கிக்கொண்டு போவோம். அதற்கு இப்போதைக்குச் 'செவ்வரை' என்று பெயர். உண்மையான மலைகளில் நீலகிரியையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஆசிரியராக வைத்துக்கொள்கிறேன். நான் அதிகம் நடந்த மலை அது.

படி 1: பாறையைத் தேர்ந்தெடுங்கள்

மலை எப்படிப் பிறந்தது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என்னென்ன வளம் கிடைக்கும், எது கிடைக்கவே கிடைக்காது என்பதில் பாதி இந்த இடத்திலேயே முடிவாகிவிடும்.

இமயமலை இரண்டு நிலத்தட்டுகள் மோதி மடிந்ததால் எழுந்தது. மோதல் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன; இன்னும் ஓயவில்லை. நடுவில் இருந்த கடலின் அடித்தரை மலையோடு சேர்ந்து மேலே போய்விட்டது. அதனால்தான் எவரெஸ்ட்டின் உச்சியில் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் இருக்கிறது. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள், பழங்காலக் கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிரிகளின் புதைபடிவங்கள். இப்படிப்பட்ட மலையில் கல் உப்பு இருக்கலாம், சுண்ணாம்புக் குகை இருக்கலாம், வெந்நீர் ஊற்று இருக்கலாம். நிலநடுக்கமும் கட்டாயம் இருக்கும்.

எரிமலை வழி பிறந்த மலை வேறு வகை. ஜாவாவில் எரிமலைச் சாம்பல் மண் அவ்வளவு வளமானது என்பதால்தான் ஆபத்து தெரிந்தும் மக்கள் அதன் மடியிலேயே நெருக்கமாக வாழ்கிறார்கள். கிழக்கு ஜாவாவின் இஜென் எரிமலைவாயிலிருந்து கந்தகப் பாளங்களைக் கூடைகளில் அடுக்கி, தோளில் காவடியாகத் தூக்கிக்கொண்டு தொழிலாளர்கள் மேலேறி வருகிறார்கள்.

மூன்றாவது, மிகப் பழைய கடினப்பாறை மலை. நீலகிரி இந்த வகை. சார்னகைட் எனப்படும் அதன் கருநிறப் பாறைக்குச் சுமார் 250 கோடி ஆண்டு வயது. மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் ஒரே பாறை என்று எண்ணிவிட வேண்டாம். மகாராஷ்டிரப் பகுதியில் அது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து அடுக்கடுக்காக உறைந்த எரிமலைக் குழம்பு. அங்கே மலைச்சரிவு படிக்கட்டு போலத் தெரியும்; நீலகிரியிலோ ஆனைமலையிலோ பாறை வழவழப்பாக உருண்டு திரண்டிருக்கும். கதையில் ஒரு வரியில் வரும் பாறையின் உருவம்கூட இப்படி வேர் பிடித்ததாக இருக்கலாம்.

செவ்வரைக்குப் பழைய கடினப்பாறையையே எடுத்துக்கொள்கிறேன். எடுத்த கணமே சிலவற்றை இழந்துவிட்டேன்: நிலக்கரி இல்லை, கல் உப்பு இல்லை, மைல் கணக்கில் நீளும் சுண்ணாம்புக் குகைகள் இல்லை. இந்த இழப்புகளைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பொன்னாக உதவும்.

படி 2: உயரத்தையும் இடத்தையும் எண்ணில் எழுதுங்கள்

"வானைத் தொடும் மலை" என்று எழுதினால் ஒன்றும் கணக்கிட முடியாது. எண் வேண்டும். செவ்வரை 60 கிலோமீட்டர் நீளம், 25 கிலோமீட்டர் அகலம். அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர், உச்சி 2,400 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதால் இது நம்பக்கூடிய உயரம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் வைக்கிறேன்.

உயரம் தெரிந்தால் குளிர் தெரிந்துவிடும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கோயம்புத்தூர் ஏறத்தாழ 400 மீட்டர், உதகை 2,240 மீட்டர். இடைவெளி 1,840 மீட்டர். கணக்குப்படி 12 டிகிரி குறைய வேண்டும். கீழே விசிறி சுழலும் மதியத்தில் மேலே கம்பளி போர்த்திக்கொள்வதன் கணக்கு இதுதான். செவ்வரை அடிவாரத்தில் 30 டிகிரி என்றால் உச்சியில் 16 டிகிரி வரும்.

புதியவர்கள் அதிகம் தவறுவது பனிப்பொழிவில். நிலநடுக்கோட்டுக்கு அருகில் நிலையான பனிமுடி வேண்டுமென்றால் ஏறத்தாழ 5,000 மீட்டருக்கு மேல் போக வேண்டும். பனி சூடிய கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். 2,400 மீட்டரில் இருக்கும் செவ்வரையில் பனி வானிலிருந்து கொட்டாது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் தெளிந்த இரவு கழிந்த விடியற்காலையில், பள்ளமான புல்வெளிகளில் உறைபனி படியும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே பள்ளம் தேடி இறங்கித் தேங்கும். அதனால் சரிவின் நடுவில் இருக்கும் கீரைப்பாத்தி தப்பிக்க, பள்ளத்தில் இருக்கும் பாத்தி கருகிப்போகும். இரண்டு அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைச் சண்டை வைக்க இந்த ஒரு விவரம் போதும்.

சமையலறையையும் மறக்க வேண்டாம். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். பருப்பு எளிதில் வேகாது, விறகு அதிகம் செலவாகும். மலை வீட்டில் அடுப்பு நாள் முழுவதும் கனன்றுகொண்டிருப்பது குளிருக்காக மட்டுமல்ல.

படி 3: காற்று எங்கிருந்து வருகிறது?

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற நேரம் இருப்பவர் இதைப் பின்பற்ற வேண்டும். வரைபடத்தில் கடல் எந்தப் பக்கம் என்று குறியுங்கள். ஈரக்காற்று அங்கிருந்து வருவதை அம்புக்குறியால் போடுங்கள். மலை அந்த அம்புக்குக் குறுக்கே நின்றால், காற்று மேலேறிக் குளிர்ந்து, அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடும். தாண்டிப் போன காற்று வறண்டு கீழே இறங்கும். அதுதான் மழைமறைவு.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் ஆடி மாதத்தில் வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் பஸ்ஸில் இறங்கிப் பார்க்கலாம். மேலே சின்னக்கல்லாறு பகுதியில் குடை திரும்பிக்கொள்ளும் மழை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆழியாறு வரும்போது வெயில் அடிக்கும். சாலையோரம் முள்மரங்கள் நிற்கும். இரண்டு மணி நேரப் பயணத்தில் இரண்டு நாடுகள்.

மழையின் அளவிலும் துணிந்து எழுதுங்கள். நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. கோவை மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையே சுமார் 70 சென்டிமீட்டர்தான்.

செவ்வரையின் மேற்கே கடல் இருக்கிறது. ஆகவே மேற்குச் சரிவு ஆனி முதல் ஆவணி வரை நனைகிறது. கிழக்குச் சரிவு அப்போது காற்றை மட்டும் வாங்குகிறது. அதற்கான மழை ஐப்பசியில், எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைக்கே நனைவது இதற்கு உண்மையான எடுத்துக்காட்டு. இரண்டு சரிவுகளுக்கும் இரண்டு மழைக்காலம் என்றால் விதைப்பு, அறுவடை, திருவிழா, திருமண மாதம் எல்லாமே இரண்டாகிவிடும். மேற்கூரின் பெண் கிழக்கூரில் வாழ்க்கைப்பட்டால் அவள் தாய்வீட்டு விழாவுக்குப் போக முடியாத ஆண்டுகள் வரும்.

படி 4: ஆற்றை நீங்கள் வரையாதீர்கள், தண்ணீரையே வரையச் சொல்லுங்கள்

ஒரு பழைய தாம்பாளத்தில் ஈர மணலைக் குவியுங்கள். உங்கள் மலையின் வடிவத்தைக் கையால் பிடித்து அழுத்துங்கள்: எங்கே முகடு, எங்கே பள்ளம், எங்கே தட்டையான மேட்டுநிலம். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை, சொம்பின் வாயை விரல்களால் மறைத்து, தூறலாக மேலிருந்து விடுங்கள். அவசரப்படாதீர்கள். முதலில் மணல் குடிக்கும். ஈரம் நிறைந்த பிறகு மயிரிழை போலச் சில கோடுகள் தோன்றும். இரண்டு கோடுகள் சேரும் இடத்தில் மூன்றாவது சற்றுத் தடிமனாக இறங்கும். ஓரிடத்தில் கரை சரிந்து ஓடை அடைபட்டு, சிறு குளம் தேங்கி, பிறகு உடைத்துக்கொண்டு ஓடும். என் மகளும் நானும் செவ்வரையை இப்படித்தான் வரைந்தோம். கிழக்கே ஓடும் பெரிய ஆறு நான் நினைத்த இடத்தில் வரவே இல்லை. தெற்கே வளைந்து, ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அப்படியே தாளில் எடுத்துக்கொண்டேன்.

மணல் உங்களுக்குச் சொல்லித்தருவது இவை: ஆறுகள் கீழே போகப் போக ஒன்றுசேரும், பிரியாது. காவிரி பெரிதாகப் பிரிவது முக்கொம்பில், சமவெளிக்கு வந்த பிறகுதான். முகட்டுக் கோடுதான் நீரைப் பிரிக்கிறது. ஒரே மழைத்துளியின் இரண்டு பாதி இரண்டு கடலுக்குப் போகலாம். ஆறு முகட்டின் மேல் ஏறாது. அருகில் உள்ள கடலுக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தலைக்காவிரியிலிருந்து அரபிக்கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் தென்னிந்திய நிலம் கிழக்கே சாய்ந்திருப்பதால் காவிரி சுமார் 800 கிலோமீட்டர் நடந்து வங்கக்கடலுக்குப் போகிறது. பவானி இன்னும் விசித்திரம். நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடிப் பக்கம் திரும்பி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து காவிரியில் சேர்கிறது. உண்மை இவ்வளவு வளைந்து நெளியும்போது கற்பனை ஆற்றை நேர்கோடாக இழுப்பது அநியாயம்.

பனி உருகி ஓடும் ஆறா, மழையில் ஓடும் ஆறா என்பதையும் தீர்மானியுங்கள். இமயத்து ஆறுகளுக்குக் கோடையிலும் உருகுநீர் வரும். செவ்வரையின் ஆறுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மாசியிலும் பங்குனியிலும் அவை காட்டின் சேமிப்பை நம்பித்தான் உயிர் வாழ வேண்டும்.

நிலச்சரிவு பற்றி ஒன்று. செங்குத்தான சரிவில், பாறையின் மேல் தடித்த மண் இருந்து, நாள் கணக்கில் மழை பெய்தால், மண் நீரில் ஊறிப் பாறையிலிருந்து கழன்றுவிடும். 2024 ஜூலை 30 விடியுமுன் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் அப்படித்தான் அழிந்தன. உங்கள் வரைபடத்தில் செங்குத்தான மேற்குச் சரிவில் ஊர் வைக்கும்போது அந்த ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பம் வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு ஊரைப் புதைக்காதீர்கள்.

படி 5: காட்டை உடுத்துங்கள்

உயரம், மழை இரண்டும் தெரிந்துவிட்டால் காடு தானாக வரும். கிழக்கு அடிவாரத்தில் முள்புதர். அதற்குமேல் கோடையில் இலை உதிர்க்கும் தேக்கு, வேங்கை, மூங்கில். மேற்குச் சரிவில் என்றும் பசுமையான மழைக்காடு. மிளகும் ஏலமும் அங்கேதான். இவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் உச்சியில் சோலை இருக்கிறது.

நீலகிரி உச்சியில் புல்வெளி அலை அலையாகப் பரந்திருக்கும். மடிப்புகளில் மட்டும் குட்டையான மரங்கள் குடைபிடித்தாற்போல் நெருங்கி நிற்கும். அந்த மடிப்புக்காடுதான் சோலை. உள்ளே நுழைந்தால் ஒளி பச்சையாகிவிடும். கிளைகளில் பாசி தொங்கும். கால் வைத்த இடம் மெத்தையாக அமிழும். ஒரு கைப்பிடி சருகு மண்ணை எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டும், கோடையிலும்கூட. அந்தச் சொட்டுதான் கீழே ஆறு. புல்லும் தன் பங்குக்கு மழையைப் பிடித்து மெதுவாக மண்ணுக்குள் அனுப்புகிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் புல்வெளியை வெற்றிடம் என்று எண்ணி ஆங்கிலேயர்கள் தைல மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். விறகு கிடைத்தது. புல்வெளி பெரும்பகுதி போயிற்று.

அந்தப் புல்வெளிச் சரிவுகளில்தான் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கிறது. 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பெரும் பூப்பு வந்தது. குறிஞ்சி பூத்த எண்ணிக்கையை வைத்து ஒருவரின் வயதைச் சொல்லும் நாடு என்று உங்கள் மலையை அமைத்தால் அதில் பொய்யான அலங்காரம் எதுவும் இருக்காது.

படி 6: மண்ணுக்குள் என்ன இருக்கிறது?

இங்கேதான் கைகள் பரபரக்கும். தங்கம், வைரம், மாயக்கல் என்று தூவிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொரு கனிமத்துக்கும் அது பிறக்கும் இடம் உண்டு.

சேலத்துக் கஞ்சமலையில் காந்த இரும்புத் தாது பாறையோடு பாறையாகப் பட்டை பட்டையாக இருக்கிறது. செவ்வரையின் கிழக்குக் குன்றுகளுக்கு அதையே கொடுக்கிறேன். பாக்சைட் எனப்படும் அலுமினியத் தாது வேறு விதமாகப் பிறக்கும்: தட்டையான உச்சியில், வெயிலும் மழையும் பாறையைப் பல லட்சம் ஆண்டுகள் அரித்து, கரையக்கூடியதெல்லாம் கரைந்து போனபின் மிஞ்சுவது அது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் மலைத்தலையில்தான் அது கிடைத்தது. ஆக, செவ்வரையின் மேட்டுநிலத்துச் செம்மண்ணுக்கு அடியிலும் இருக்கலாம். அலுமினியத்தைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் கண்டுபிடிக்காத காலக் கதையென்றால் அது வெறும் சிவப்புக்கல், யாருக்கும் தேவைப்படாது. வளம் என்பது காலத்தைப் பொறுத்தது என்பதை மறக்காதீர்கள்.

தங்கம் வெள்ளைக்கல் எனப்படும் குவார்ட்ஸ் நரம்புகளில் மெல்லியதாக ஓடும். ஓடைகள் அதை அரித்துக் கீழே கொண்டுபோகும். கேரளத்து நிலம்பூரில் சாலியாற்று மணலை அரித்துப் பொன் எடுத்தவர்கள் உண்டு. 1880 வாக்கில் நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் பெரும் தங்க வேட்டையே நடந்தது. லண்டனில் நிறுவனங்கள் முளைத்தன, பங்குகள் விற்றன, இயந்திரங்கள் மலையேறின. மண்ணில் தங்கம் இருந்தது உண்மை; ஆனால் எடுக்கும் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் அடங்கிவிட்டது. உங்கள் கதைக்கு நான் பரிந்துரைப்பது இந்தக் கட்டுப்படியாகாத தங்கத்தைத்தான். அள்ள அள்ளக் குறையாத தங்கத்தைவிட மனிதர்களைப் பற்றி அது அதிகம் சொல்லும்.

இனி செவ்வரையில் ஒரு கணக்குப் போடுவோம். கிழக்கே இரும்புத் தாது இருக்கிறது. உருக்க வெப்பம் வேண்டும். நிலக்கரி இல்லை என்று முதல் படியிலேயே முடிவாகிவிட்டது. ஆகவே மரக்கரி. மரக்கரிக்குக் காடு வேண்டும். அடிவாரத்துக் காடு தீர்ந்தால் உலைக்காரர்கள் மேலே ஏறுவார்கள். இலையுதிர் காடு, பிறகு சோலை. சோலை குறைந்தால் மாசியில் ஓடை வற்றும். ஓடை வற்றினால் கீழே வயல் வைத்திருப்பவர் வாளாவிருக்க மாட்டார். அந்த வயல்காரரின் கலப்பையில் இருக்கும் கொழு, அந்த உலையில் உருகியதுதான். நான் சதி எதையும் யோசிக்கவில்லை; முந்தைய ஐந்து படிகளே இந்தச் சிக்கலைப் பெற்றெடுத்தன.

தென் அமெரிக்காவின் பொட்டோசி இதைப் பெரிய அளவில் காட்டிய ஊர். 1545இல் அங்கே வெள்ளிமலை கண்டுபிடிக்கப்பட்டது. 4,000 மீட்டர் உயரத்தில், பயிர் சரியாக விளையாத குளிரில், பெருநகரம் ஒன்று எழுந்தது. தாதை அரைக்கும் ஆலைகளைச் சுழற்ற ஆற்றுநீர் போதாமல் மலைமேல் ஏரிகள் கட்டினார்கள். 1626இல் ஓர் அணை உடைந்து நகரத்தின் மேலேயே பாய்ந்தது. வெள்ளியைப் பிரிக்கத் தேவையான பாதரசம் பெரு நாட்டின் ஹுவான்காவெலிகாவிலிருந்து மலைப்பாதை வழியே வந்தது. ஒரு வளத்தை எடுக்க இன்னும் எத்தனை வளங்கள் தேவைப்பட்டன பாருங்கள்.

நீரும் வளம்தான், அதுவும் காலத்தோடு மாறும் வளம். பைக்காரா அருவி பல நூற்றாண்டுகள் வழிபாட்டுக்கும் எருமைகளின் தாகத்துக்கும் ஆனது. 1932இல் அங்கே மின்சாரம் எடுத்தார்கள்; அந்த மின்சாரத்தில் கீழே கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் பெருகின.

படி 7: இல்லாததைத் தேடிப் பாதை போடுங்கள்

முதல் படியில் எழுதிய இழப்புத் தாளை இப்போது எடுங்கள். செவ்வரையில் உப்பு இல்லை. உப்பில்லாமல் மனிதரும் வாழ முடியாது, மாடும் வாழாது. கடற்கரையிலிருந்து அது வந்தாக வேண்டும். எந்த வழியாக?

மலைத்தொடரில் தாழ்ந்த இடத்தைத் தேடுங்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. காற்று, வணிகம், படை, மொழி எல்லாம் அந்த வாசலில்தான் போய்வந்தன. அவ்வளவு பெரிய வாசலை நான் செவ்வரைக்குக் கொடுக்கவில்லை. 1,300 மீட்டர் உயரத்தில் ஒரு குறுகலான கணவாய் மட்டும். பெயர், உப்புக்கணவாய். ஆடி மழையில் மூன்று மாதம் மூடிவிடும். ஆகவே மேட்டுநில ஊர்களில் ஆனி மாதக் கடைசியில் உப்பு விலை ஏறும். பானையின் அடியில் எவ்வளவு உப்பு மிச்சம் இருக்கிறது என்பதை வைத்தே ஒரு வீட்டின் நிலைமையைச் சொல்லிவிடலாம்.

தூரத்தை நேர்கோட்டில் அளக்காதீர்கள். தட்டையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கலாம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். அடிவாரத்திலிருந்து 2,000 மீட்டர் மேட்டுக்கு 18 கிலோமீட்டர் பாதை என்றால், சுமையில்லாதவருக்கே ஆறரை மணி நேரம் ஆகும். கழுதையில் உப்பு ஏற்றியவருக்கு இரண்டு நாள் என்று வையுங்கள். நடுவில் இரவு தங்க ஒரு சத்திரம் வந்துவிட்டது பாருங்கள். அதை நீங்கள் வைக்கவில்லை, ஏற்றம் வைத்தது.

படி 8: உயரத்துக்கு ஒரு தொழில்

ஒரே மலையில் எல்லோரும் ஒரே வேலை செய்வதில்லை. நீலகிரியில் மேட்டுப் புல்வெளியில் தோடர்கள் எருமை வளர்த்தார்கள். கோத்தர்கள் இரும்பு வேலையும் மண்பாண்டமும் இசையும் தந்தார்கள். படகர்கள் தானியம் விளைவித்தார்கள். சரிவுக் காடுகளிலிருந்து குறும்பர்கள் தேனும் மூங்கிலும் மருந்தும் கொண்டுவந்தார்கள். அடிவாரத்தில் இருளர்கள். நெய்யும் அரிவாளும் ராகியும் தேனும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இவர்களுக்குள் கைமாறிக்கொண்டிருந்தன.

இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது ஒழுங்கமைப்பை மட்டும்தான். உண்மையான ஒரு பழங்குடியின் சடங்கை எடுத்து, பெயரை மாற்றி, உங்கள் கதையில் வைத்து, அதன்மேல் மந்திரமும் குருதியும் பூசாதீர்கள். அந்த மக்கள் இன்று வாழ்கிறார்கள், படிக்கிறார்கள். உங்கள் மலையின் உயரத்தையும் மழையையும் வைத்து, உங்கள் மக்களின் தொழிலை நீங்களே கண்டுபிடியுங்கள்.

செவ்வரையில் தேனெடுப்பவர்களை மேற்குப் பாறைமுகத்தில் வைத்திருக்கிறேன். மலைத்தேனீக்கள் எவரும் எட்ட முடியாத பாறை விளிம்பில்தான் அடை கட்டும். கொடியைத் திரித்து ஏணி செய்து இறங்க வேண்டும். மேலே ஏணியைப் பிடித்துக்கொள்கிறவர் யார் என்பது அந்த ஊரில் சாதாரணக் கேள்வியாக இருக்காது.

படி 9: கடைசியாகப் பெயர்

பெயர் நிலத்திலிருந்து வர வேண்டும். தொட்டபெட்டா என்றால் படக மொழியில் பெரிய மலை, அவ்வளவுதான். ஆனைமுடி, வால்பாறை, கூடலூர், கல்லாறு எல்லாமே பார்த்ததைச் சொன்ன பெயர்கள். நமக்கு இதற்கான சொற்கள் ஏராளம்: குன்று, கரடு, பொற்றை, முடி, கோடு, வரை, சாரல், சுனை, மடு, கானல், அடுக்கம். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் செலவழியுங்கள், வீணாகாது.

ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. செவ்வரையின் கிழக்காற்றுக்கு மேட்டுமக்கள் வைத்த பெயர் சுனைமகள். கீழே இரும்பு உருக்குகிறவர்கள் அதை உலையாறு என்கிறார்கள். யார் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதிலேயே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

படி 10: ஒருவரை நடக்க விடுங்கள்

வரைபடம் முடிந்தது என்று தோன்றும்போது, கதாநாயகனை விட்டுவிட்டு, ஓர் எளிய மனிதரை எடுங்கள். உப்புக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பங்குனி மாதம். இரண்டு கழுதைகள். மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்கு உலைகள் வரை அவரை நடத்திச் செல்லுங்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நாலு கேள்வி: என்ன குடிக்கிறார், எதை எரிக்கிறார், எங்கே நிழல், யாரைச் சந்திக்கிறார். பதில் வராத இடத்தில் நிறுத்திவிட்டு, அந்தப் பிழை எந்தப் படியில் தொடங்கியது என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். தண்ணீர் இல்லையென்றால் நான்காம் படி. விறகு இல்லையென்றால் ஐந்தாம் படி. வழி மிகவும் எளிதாகிவிட்டதென்றால் ஏழாம் படியில் கணவாயைச் சற்று உயர்த்துங்கள்.

என் உப்புக்காரர் இரண்டாம் நாள் காலையில், கணவாய்க்குக் கீழே எட்டாவது வளைவில் இருக்கும் சுனையில் கழுதைகளை நிறுத்தினார். வரைபடத்தின்படி அங்கே ஆண்டு முழுவதும் தண்ணீர் இருக்க வேண்டும். ஆனால் மேலே இருந்த சோலையை உலைக்காரர்கள் வெட்டித் தீர்த்துவிட்டதாக நானே ஆறாம் படியில் எழுதியிருந்தேன். சுனை வெறும் சேறாகக் கிடந்தது. வரைபடத்தில் அந்தச் சுனையை அழித்துவிட்டு, அதற்குக் கீழே ஒரு மைல் தள்ளி, மூங்கில் குழாய் பதித்து நீர் எடுக்கும் ஒரு கிழவியின் வீட்டை வரைந்தேன். ஒரு குடம் தண்ணீருக்கு அவள் ஒரு கைப்பிடி உப்பு வாங்குகிறாள்.